எங்க வீட்டு குரூப்பில் பாலாறு

பெரியப்பா: (ஃபார்வர்டு) அரசியல் சாசனத்தில் எழுதாத உரிமைகளை நீதிபதிகளே உண்டாக்குகிறார்கள். இது நியாயமா? பகிருங்கள்!

ஆம்பூர் சித்தப்பா: சரியான கேள்வி அண்ணா. எழுதினதைத்தானே படிக்கணும். மாத்தணும்னா பார்லிமென்ட் இருக்கு.

நான்: பெரியப்பா, சாசனத்தின் 21-ஆவது பிரிவில் தண்ணீர் என்ற வார்த்தையே கிடையாது. உயிர், தனிநபர் சுதந்திரம், அவ்வளவுதான். 1996-ல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதற்குள்தான் தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட நம்ம பாலாற்றைக் கொண்டுவந்தது.

காட்பாடி அத்தை: அந்தத் தண்ணியை மறக்க முடியுமா. மோட்டார் போட்டா நுரை நுரையா வரும், பருப்பு வேகவே வேகாது. கிணறு நம்மோடது, குடிக்கிற தண்ணி மட்டும் ஊர்க்கோடியிலிருந்து.

நான்: அதேதான் அத்தை. மாசு செய்தவரே நஷ்ட ஈடும் தரணும், நிலத்தைச் சரி செய்யும் செலவும் ஏற்கணும் என்றார்கள். அதை அப்படியே சொல்லும் சட்டம் அன்றைக்கு இல்லை. 21, பொதுச் சுகாதாரம் பற்றிய 47, சுற்றுச்சூழல் பாதுகாப்பு பற்றிய 48ஏ எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துச் சொன்னார்கள். 48ஏ-வே 1976-ல் சேர்த்ததுதான்.

ஆம்பூர் சித்தப்பா: ஒரு தோல் கம்பெனிக்குப் பத்தாயிரம் அபராதம், அதெல்லாம் ஒரு காசா? வேலை போனவங்க கதையை எங்க தெருவில் வந்து கேள் பாப்பா. தொழில் செய்யும் உரிமையும் 19-ல் இருக்கே.

நான்: இருக்கு சித்தப்பா. அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு எல்லாம் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக ஊரை நாசம் செய்யும் உரிமை வராது என்பதுதான் முடிவு.

இன்னொன்று. நம்ம வேலூர் ஜெயிலிலிருந்து தப்பினாரே கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன், 1950-ல் அவர் வழக்கில் இதே 21-ஐ எவ்வளவு குறுக்கலாமோ அவ்வளவு குறுக்கினார்கள். சட்டம் சொன்ன நடைமுறைப்படி அடைத்தால் போதும் என்றார்கள். நீதிபதி ஃபசல் அலி மட்டும் ஏற்கவில்லை. 1978-ல் மேனகா காந்தி பாஸ்போர்ட் வழக்கில், அந்த நடைமுறையே நியாயமாக இருக்கணும் என்று ஆனது. இடையில் அந்த வாசகத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

ஆம்பூர் சித்தப்பா: அப்போ நாளைக்கு வேறொரு ஜட்ஜ் வந்து திரும்பக் குறுக்கினால்?

நான்: குறுக்கியிருக்கிறார்களே. எமர்ஜென்சியில், 1976-ல், விசாரணையில்லாமல் சிறையில் இருப்பவர் விடுதலை கேட்டு கோர்ட்டுக்கே வர முடியாது என்றார்கள். நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மறுத்தார். அது தப்பு என்று 2017-ல், தனியுரிமை பற்றிய புட்டசாமி வழக்கில்தான் ரத்து செய்தார்கள். உங்க பயம் வெட்டிப் பயம் இல்லை சித்தப்பா. ஆனால் 1950 அர்த்தத்திலேயே நின்றிருந்தால் நம்ம கிணற்றுக்கு வழக்கே கிடையாது.

பெரியப்பா: நஷ்ட ஈடு எல்லோருக்கும் வந்து சேரலையேம்மா.

நான்: 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போட்டிருக்கு பெரியப்பா. விடுபட்டவர்களுக்கு அரசு கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் வசூலிக்கணும்.

ஆம்பூர் சித்தப்பா: 96 தீர்ப்புக்கு 2025-லயும் உத்தரவா! விளங்கிடும்.

காட்பாடி அத்தை: பட்டா நகல் யாரிடம் இருக்கு?

பெரியப்பா: என்னிடம்தான். காலையில் போட்டோ எடுத்துப் போடுறேன்.