சக்கிமுக்கித் துப்பாக்கியின் குழலைத் தேய்க்கலாமா?

பழம்பொருள்காரன்: இந்தியா பேட்டர்ன் மஸ்கெட் என்ற பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியைப் புதுப்பிப்பவர் முதல் வேலையாகக் குழலின் பழுப்புப் படலத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளக்க வைக்க வேண்டும் என்று இங்கே இரும்புப்பட்டறை என்பவர் எழுதியிருப்பதைப் படித்தேன். இத்தகைய அறிவுரைகளால்தான் நல்ல துப்பாக்கிகள் பாழாகின்றன. இருநூறு ஆண்டுகளில் உருவான அந்தப் படலத்தைத் தேய்த்தால், குழலின் அடிப்பக்கத்தில் உள்ள சோதனை முத்திரையும் (குழல் சுட்டுச் சோதிக்கப்பட்டது என்பதற்கான அடையாளம்) சேர்ந்தே மழுங்கிவிடும்.

இரும்புப்பட்டறை: பிரிட்டிஷ் படை 1797-இல் இந்தத் துப்பாக்கியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து ஏற்றுக்கொண்டபோது, அதன் 39 அங்குலக் குழல் பழுப்பாகவா இருந்தது? சிப்பாய்கள் செங்கல் பொடியால் தேய்த்துத் தேய்த்து மின்ன வைத்த குழல் அது. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது குற்றம் என்றால், அந்தச் சிப்பாய்கள் அனைவரும் குற்றவாளிகளே.

கரிமருந்து: இருவரும் எந்தத் துருவைச் சொல்கிறீர்கள்? விரலில் ஒட்டும் செந்துரு இரும்பைத் தொடர்ந்து அரிக்கும் என்பதால், எண்ணெய் தடவி, மிக மெல்லிய எஃகுக் கம்பளியால் அதை எடுத்தாக வேண்டும். கெட்டியாகப் படிந்த கரும்பழுப்பு அப்படியன்று. அதற்கும் முன்னதாக, குழலுக்குள் ஒரு குச்சியை விட்டு, அது பற்றுத்துளை (மருந்துக்குத் தீ செல்லும், குழலின் அடிப்பக்கத் துளை) வரை இறங்குகிறதா என்று வெளியே வைத்து அளந்து பாருங்கள். உள்ளே கிடக்கும் பழைய வெடிமருந்து இன்றும் பற்றும்.

பழம்பொருள்காரன்: எந்தத் துருவானாலும் உப்புத்தாள் கூடாது என்பதே என் வாதம். சிப்பாய் தேய்த்தது அன்றாடப் பராமரிப்பு. நீங்கள் தேய்ப்பது வரலாற்றை அழிப்பது. மரக்கட்டைக்கு ஆளி விதை எண்ணெயை ஊற்றச் சொன்னவரும் தாங்கள்தானே? அது நாளடைவில் கறுத்துப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும் என்று நான் சொன்னபோது, பதிலே சொல்லாமல் மறைந்துவிட்டீர்கள்.

இரும்புப்பட்டறை: மறையவில்லை ஐயா, எனக்கு வேலை இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுபவருக்கு விசைப்பொறியைப் பற்றி என்ன தெரியும்? சக்கிமுக்கிக் கல் மோதும் எஃகுத் தகட்டின் முகம் தேய்ந்து மென்மையாகிவிட்டால், கல் அதைச் சுரண்டிப் பொறி எழுப்பாது. அதைச் செக்கச்செவேலெனக் காய்ச்சி மீண்டும் கடினப்படுத்தியிருக்கிறீர்களா?

பழம்பொருள்காரன்: சுடவே போகாத துப்பாக்கிக்குப் பொறி எதற்கு? பேச்சை மாற்றாதீர்கள். முத்திரை மழுங்குமா, மழுங்காதா?

வழிப்போக்கன்: போன முறை திருகாணியின் தலையைச் சிதைத்தவர் யார் என்று இதே இருவரும் சண்டையிட்டது நினைவுக்கு வருகிறது. அந்தத் துப்பாக்கியே இன்னும் கழற்றப்படவில்லை என்று கேள்வி.

இரும்புப்பட்டறை: கழற்றியாகிவிட்டது. குழலையும் தேய்த்தாகிவிட்டது.

பழம்பொருள்காரன்: முத்திரையின் படத்தைப் போடுங்கள், பார்க்கலாம்.

இரும்புப்பட்டறை: தங்களுக்காக நான் எதற்கு ஐயா படம் எடுக்க வேண்டும்?

பழம்பொருள்காரன்: மழுங்கிவிட்டது என்று நேராகவே சொல்லியிருக்கலாம்.