சராசரி உண்மை என்றால் பாகுபாடு நியாயமாகிவிடுமா?

கணக்குப்பிள்ளை:
ஒரு கூட்டத்தாரைப் பற்றி நாம் வைத்திருக்கும் முன்முடிவுகள்தான் ஏற்றத்தாழ்வுக்கெல்லாம் வேர் என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவன். ஒரே ஒரு பதவிக்கு விண்ணப்பங்கள் வந்து குவியும். அத்தனை பேரையும் கூப்பிட்டுப் பேச யாருக்கு நேரம் இருக்கிறது? இருக்கிற தகவலை வைத்து ஊகித்துத்தான் ஆக வேண்டும். பொருளாதார அறிஞர் எட்மண்ட் ஃபெல்ப்ஸ் 1972-லேயே இதைச் சொல்லிவிட்டார்: மனதில் வெறுப்பே இல்லாத முதலாளிகூட, எதிரில் இருப்பவரைப் பற்றி முழுதாகத் தெரியாதபோது அவருடைய கூட்டத்தின் சராசரியைப் பார்ப்பார். பல நாடுகளில் வாகனக் காப்பீட்டில் இளைஞர்களிடம் அதிக பிரீமியம் வாங்குகிறார்கள். அதற்காக யாராவது சண்டைக்குப் போகிறார்களா? வெறுப்பு வேறு, கணிப்பு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

தேன்மொழி:
சண்டைக்குப் போயிருக்கிறார்கள் சார். ஆணா பெண்ணா என்று பார்த்து பிரீமியத்தை மாற்றுவது செல்லாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2011-ல் தீர்ப்புச் சொன்னது. 2012 டிசம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. வயதின் கதை வேறு. இன்றைய இளைஞர் நாளைக்கு நடுவயதுக்காரர் ஆகிவிடுவார். நிறமும் சாதியும் அப்படிக் கழன்றுபோகுமா?

அப்புறம் ஃபெல்ப்ஸ். தகவல் போதாததுதான் பிரச்சினை என்றால், தகவல் கொடுத்ததும் அது தீர வேண்டும் இல்லையா? அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் பொருளாதார அறிஞர்கள் பெர்ட்ராண்ட், முல்லைநாதன் இருவரும் சுமார் 5,000 போலி வேலை விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். 2004-ல் வெளியான ஆய்வு. பெயர்களை மட்டும் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றிப் போட்டார்கள். வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பத்தில் ஒரு அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயருக்கு ஒரு அழைப்பு வரப் பதினைந்து அனுப்ப வேண்டியிருந்தது. இதைப் பலரும் சொல்வார்கள். நான் கவனிப்பது அடுத்ததை. அனுபவமும் தகுதியும் கூடிய விண்ணப்பம் போனபோது வெள்ளையர் பெயருக்கு அழைப்புகள் நன்றாக ஏறின. மற்றவர்களுக்கு ஏறியது சொற்பம். கூடுதல் தகவலைக் கையில் கொடுத்தும் அதைப் படிக்கவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்? இதை எப்படிக் கணிப்பு என்பது?

கணக்குப்பிள்ளை:
அந்தப் பெயர்கள் நிறத்தை மட்டுமா காட்டுகின்றன? குடும்பத்தின் வசதியையும் படிப்பையும் சேர்த்தே காட்டுகின்றன என்று அந்த ஆய்வின் மேல் விமர்சனம் உண்டு. இப்படிப்பட்ட ஆய்வுகளை அப்படியே நம்பிவிடவும் முடியாது. தங்கள் கூட்டத்தைப் பற்றிய முன்முடிவை நினைவூட்டினாலே மாணவர்களின் மதிப்பெண் சரிந்துவிடும் என்று 1995-ல் உளவியலாளர்கள் ஸ்டீலும் அரான்சனும் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். பிறகு பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு தேய்ந்தோ காணாமலோ போனது.

நல்லெண்ணச் சட்டங்களின் லட்சணத்தையும் பார்ப்போம். குற்றப் பின்னணி உண்டா என்று விண்ணப்பத்தில் கேட்கக் கூடாது என அமெரிக்காவில் பல இடங்களில் சட்டம் போட்டார்கள். நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரத்திலும் சட்டத்துக்கு முன்னும் பின்னும் போலி விண்ணப்பங்கள் அனுப்பிச் சோதித்த ஆய்வு 2018-ல் வந்தது. முன்பு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்த நிறுவனங்களில், வெள்ளையருக்குக் கூடுதலாகப் போன அழைப்பு 7 சதவீதம். கேள்வியை எடுத்த பிறகு அது 43 சதவீதம் ஆனது! தகவலை மறைத்தால் ஊகம்தான் பெருகும். நான் சொல்வதும் அதுவே.

தேன்மொழி:
அதே ஆய்வை என் பக்கமிருந்து படியுங்கள். அந்த ஊகத்தால் அடி வாங்கியது யார்? எந்தக் குற்றமும் செய்யாத கறுப்பின இளைஞர். கேள்வி இருந்தவரை ‘இல்லை’ என்று எழுதித் தப்பித்தார், அது போனதும் யாரோ செய்ததற்கு இவர் விலை கொடுத்தார். சட்டம் சரியில்லை என்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அதனால் ஊகம் நியாயமாகிவிடாது.

மாலைவெயில்:
இரண்டு பேரும் வேலைக்கு எடுக்கும் வாசலிலேயே நின்று சண்டை போடுகிறீர்கள். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். என் அலுவலகத்தில் வெளியூர் போய்ச் செய்ய வேண்டிய பெரிய வேலைகள் அடிக்கடி வரும். எனக்குக் குழந்தை பிறந்த பிறகு ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. மேலாளர் கெட்டவர் இல்லை. “பாவம், பிள்ளையை விட்டுட்டு எப்படிப் போவாங்க” என்று அவராகவே நினைத்துக்கொண்டார். என்னைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் போயிருப்பேன், வீட்டில் என் கணவர் இருக்கிறார். அதே வருடம் தகப்பனான சக ஊழியருக்கு இரண்டு வேலைகள் போயின. பதவி உயர்வு நேரத்தில் என் கோப்பில் எழுதியிருந்தது: ‘வெளிக்களப் பணி அனுபவம் போதாது.’

பொய்யில்லை. உண்மையிலேயே போதாதுதான்.

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொல்லும் சராசரி எங்கிருந்து வருகிறது என்று இப்போது யோசியுங்கள்.

தேன்மொழி:
இதைத்தான் சொல்ல வந்தேன். பிரான்ஸில் ஒரு பல்பொருள் அங்காடித் தொடரின் பில் போடும் ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வந்தது. எந்த நாளில் எந்த மேலாளரின் கீழ் வேலை என்பது ஊழியர் கையில் இல்லை. சிறுபான்மையினர் மேல் சார்பு உள்ள மேலாளர் இருக்கும் நாட்களில் சிறுபான்மை ஊழியர்கள் அதிகம் விடுப்பு எடுத்தார்கள், மெதுவாக பில் போட்டார்கள், நேரமானதும் கிளம்பிவிட்டார்கள். மற்ற நாட்களில் அதே ஆட்கள் பெரும்பான்மையினரை முந்தினார்கள். மேலாளர்கள் திட்டியதாகவோ வதைத்ததாகவோ தெரியவில்லை. அவர்கள் பக்கம் போய்ப் பேசுவதுதான் குறைவு. அந்த மேலாளர் தன் பதிவேட்டைப் புரட்டினால் அவர் நினைத்ததுதான் அதில் இருக்கும்!

கணக்குப்பிள்ளை:
அந்தச் ‘சார்பு’ கணினியில் பட்டனைத் தட்டும் ஒரு சோதனையால் அளந்தது. அந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்று உளவியலாளர்களே அடித்துக்கொள்கிறார்கள். சரி, அதை விடுங்கள். மாலைவெயில் சொன்னது வேறு மாதிரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் தீர்வு என்ன? ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைத்தால் மனம் மாறிவிடுமா? நானே உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம்.

தேன்மொழி:
மனம் மாறும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? 1993-ல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். மேற்கு வங்கத்தில் ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஊராருக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாக மதிப்பெண் போட்டார்கள். ஒதுக்கீட்டில் பெண் தலைவர் இருந்த ஊர்களில் அந்த வித்தியாசம் இல்லை. ‘தலைவர் என்றால் ஆண்தான் பிடிக்கும்’ என்ற விருப்பம் மட்டும் அப்படியே இருந்தது.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா, விருப்பம் மாறவில்லை.

மாலைவெயில்:
அவர்களுக்குப் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன சார்? மதிப்பெண் சரியாகப் போட்டார்கள் அல்லவா? எனக்கு அது போதும். அடுத்த முறை வெளியூர் வேலை வந்தால் முதலில் எல்லோரிடமும் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள், அப்புறம் ஊகியுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மின்னஞ்சல் அனுப்புவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் விண்ணப்பக் குவியலுக்கு என்ன செய்வது என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.