நீரோட்டம் பார்க்கிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்ததுண்டா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பல்லாவரத்தான்:
முன்கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அபார்ட்மென்ட் போர் வத்திப்போச்சு, ஆள் வந்தார், குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவெச்சு நடந்தார். ஈசான்ய மூலையில் தேங்காய் எழுந்து நின்னுது. திரும்ப நடந்தார், அதே இடம். செயலாளர் துண்டால கண்ணைக் கட்டிச் சுத்திவிட்டார். இப்ப தேங்காய் நின்னது செப்டிக் டேங்க் மூடி மேல! "கண்ணைக் கட்டினா கங்கம்மா பேசமாட்டா சார்"னார். சுத்தி நின்னவங்க எல்லாரும் தலையாட்டினாங்க. அந்தத் தலையாட்டல்தான் இன்னும் உறுத்துது. ஏமாத்துக்காரர்னும் சொல்ல முடியலை, தேங்காய் எழும்போது அவர் முகத்திலேயே ஆச்சரியம்.

ஊசிக்கண்:
ஆச்சரியம் நிஜம்தான். நம்மை அறியாமலே தசை அசையும்னு கார்ப்பென்டர்ங்கிற ஆங்கில உடலியல் அறிஞர் 1852லயே எழுதிட்டார். அடுத்த தடவை தேங்காயைப் பார்க்காதீங்க, விரல் நுனியைப் பாருங்க. விரல்கள் லேசா மடங்கி உள்ளங்கை குழியும், குடுமி மேலே வரும். தேங்காய்க்குப் பதிலா கவட்டைக் குச்சி, கம்பி வெச்சுப் பார்க்கிறவங்களும் இப்படித்தான். வேப்பங்கவட்டையை ரெண்டு பக்கமும் விரிச்சு இழுத்துத்தான் பிடிப்பாங்க, மணிக்கட்டு துளி திரும்பினாலே சுண்டிக்கிட்டு இறங்கும். எல் வடிவச் செம்புக் கம்பிக்குக் கைப்பிடி இம்மி சாய்ஞ்சா போதும்.

பெசன்ட் நகர் வாசி:
விளக்கமெல்லாம் சரி. எங்க தெருவில் நீரோட்டம் பார்க்க வந்தவர் காட்டின இடத்திலெல்லாம் தண்ணி வந்துதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

ஊசிக்கண்:
அவர் காட்டாத இடத்தில் தோண்டிப் பார்த்தீங்களா? உங்க பக்கம் கடலோர மணல். எங்கே குத்தினாலும் ஊறும், ஆழம் போனா உப்புக் கரிக்கும், அவ்வளவுதான். பல்லாவரம், பரங்கிமலை அடியில் இருக்கிறது சார்னகைட்ங்கிற கெட்டிப் பாறை. தண்ணி அதன் வெடிப்பில்தான் நிக்கும், பத்தடி தள்ளினா ஒண்ணுமில்லாம போகலாம். திறமையை அங்கே காட்டட்டும்.

சோதனைச்சாலை:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். கண்ணைக் கட்டினது சோதனையே இல்லை. துண்டுக்குக் கீழே தரை தெரியும், கூட நடக்கிறவங்க மூச்சுகூடக் காட்டிக்கொடுக்கும்.

இதைப் பற்றி எழுதப்போறவங்க இப்படிப் பண்ணுங்க. 20 லிட்டர் பெயிண்ட் டப்பா பத்து, மூடியோட. தண்ணி கேன் வேண்டாம், உள்ளே தெரியும். ஒண்ணில் தண்ணி, ஒன்பதில் காய்ஞ்ச மணல். காலியா விட்டா தட்டினதும் சத்தம் மாறும். மணலையும் தண்ணியையும் தராசில் ஒரே எடைக்குக் கொண்டுவாங்க, கனமான டப்பா மண்ணில் ஆழமா பதியும். வெளியே சிந்தின ஈரத்தைத் துடைங்க.

முதல்ல மூடியைத் திறந்துவெச்சு நடக்கச் சொல்லுங்க. தேங்காய் நிக்குதுன்னு அவரே ஒத்துக்கிட்டு எழுதிக் கையெழுத்துப் போடணும். இதை விட்டுட்டா பின்னாடி "பெயிண்ட் வாடை தடுத்துச்சு"ன்னு வரும். அப்புறம் ஒண்ணுலேர்ந்து பத்து வரை சீட்டு எழுதிப் பையில் போட்டு ஒண்ணை எடுங்க, அந்த நம்பர் இடத்தில் தண்ணி டப்பா. எடுத்ததைத் திரும்பப் பையில் போடுங்க. டப்பாவை மாத்தி வைக்கிறவர் அந்த இடத்தை விட்டே போயிடணும். கூட நடக்கிறவருக்கு எது தண்ணின்னு தெரியக்கூடாது.

பத்துச் சுற்று. குருட்டாம்போக்கில் சராசரியா ஒண்ணு சரியாகும். அஞ்சோ அதுக்கு மேலயோ வர்றது பத்தாயிரத்துக்குப் பதினாறு தடவைதான். எத்தனை வந்தா ஜெயிப்புன்னு முன்னாடியே பேசிடுங்க.

எழுதும்போது பேர், முகம், வண்டி நம்பர் எதுவும் வேண்டாம். 'மோசடி'ங்கிற சொல்லே வேண்டாம். அவதூறு இன்னும் கிரிமினல் குற்றம்தான், பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தின் 356ஆவது பிரிவு. "பத்தில் ஒண்ணு சரி"ன்னு மட்டும் எழுதுங்க, படிக்கிறவனுக்குப் புரியும். வீடியோவை வெட்டாம முழுசா வெச்சிருங்க.

பல்லாவரத்தான்:
நிக்கிற தண்ணி தெரியாது, ஓடுற தண்ணிதான் தெரியும்னு சொன்னா?

சோதனைச்சாலை:
சொல்லுவாங்க. 1987-88ல மியூனிக் பக்கத்தில் ஒரு கொட்டகையில் இதைத்தான் பண்ணினாங்க. கீழ்த்தளத்தில் தண்ணிக் குழாயை நகர்த்திக்கிட்டே இருந்தாங்க, மாடியில் நடந்து இடம் சொல்லணும். 43 பேர், 843 சோதனை. நடத்தினவங்க சிலருக்குத் திறமை இருக்குன்னாங்க. என்ரைட்ங்கிற அமெரிக்க விஞ்ஞானி 1999ல அதே கணக்கை அலசி, எல்லாம் குருட்டாம்போக்குதான்னு காட்டினார்.

இங்கே செய்யணும்னா மூணு பிவிசி பைப்பைப் புதைச்சு, வால்வால ஒண்ணில் மட்டும் தண்ணி விடுங்க. வால்வு அவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். பைப்பை ஒரு அடிக்குக் குறையாம புதைங்க, இல்லேன்னா தண்ணி ஓடுற அதிர்வு காலுக்கே தெரியும்.