சுங்கை சிப்புட் லயத்து வீட்டுத் தோட்டக் குழு

சரஸ்வதி: என் தக்காளிச் செடியின் படத்தைப் பாருங்கள். இலையைத் தொட்டாலே மாவு பறப்பதுபோல் பறக்கிறது. சாண உரம் போட்டேன், சாம்பல் தூவினேன். செடிக்குத் தெம்பே இல்லை. நாளை பிடுங்கிவிடப் போகிறேன்.

முனியாண்டி: வெள்ளை ஈ, தங்கச்சி. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார். என் மிளகாயிலும் வந்துவிட்டது.

கவிதா: அத்தை, செடியைக் குறை சொல்லாதீர்கள். அது போராடத்தான் செய்கிறது. ஈ அதை ஏமாற்றிவிட்டது.

செல்வம்: செடி எப்படியம்மா ஏமாறும்?

கவிதா: புழு இலையைக் கடித்தால் செடியில் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தற்காப்புச் சுரப்பு கூடும். புழுவுக்கு ஒவ்வாத பொருள்களை இலை உண்டாக்கும். நோய்க்கிருமி வந்தால் சாலிசிலிக் அமிலம் என்ற இன்னொரு சுரப்பு கூடும். ஒன்று ஏறினால் மற்றது பெரும்பாலும் இறங்கிவிடும். வெள்ளை ஈ கைவைப்பது இங்கேதான், மாமா. அது உறிஞ்சும் இலையில் சாலிசிலிக் அமிலம் ஏறுகிறது. ஈயைத் தடுக்கக்கூடிய ஜாஸ்மோனிக் வழி அடங்கிவிடுகிறது. வராத கிருமிக்காகச் செடி காவல் நிற்கிறது.

முனியாண்டி: கடித்த காயமே தெரியவில்லையே?

கவிதா: நீங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், தாத்தா. கத்தி கட்டையில் படாமல் பட்டையோடு ஓட வேண்டும் அல்லவா? ஈயின் ஊசிவாயும் செல்களுக்கு இடையே நுழைந்து, சாறு ஓடும் குழாயைத் தொடுகிறது. அதன் உமிழ்நீரில் உள்ள சில புரதங்கள் செடியின் எதிர்ப்பை மேலும் மழுங்கடிக்கின்றன.

முனியாண்டி: கட்டையில் பட்டால் கங்காணி விடமாட்டார். அந்த அளவு கைக்குப் பிடிபட எனக்கு எத்தனை மாதம் ஆனது! இத்தனூண்டு பூச்சிக்கு அது பிறவியிலேயே இருக்கிறதே.

கவிதா: 2019இல் தக்காளியில் கண்டறிந்த செய்தியைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஈ தாக்கிய செடி விடும் வாசனை, பக்கத்துச் செடியையும் அதே தவறான காவலுக்குத் தயார்ப்படுத்திவிடுகிறது. பிறகு அங்கே போகும் ஈயின் குஞ்சுகள் இன்னும் விரைவாக வளர்கின்றன.

சரஸ்வதி: ஐயோ, வேலிக்கு அந்தப் பக்கம்தானே முனியாண்டி அண்ணனின் தக்காளி!

கவிதா: அதனால்தான் சொல்கிறேன், ஒரு வீட்டில் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை. இலை மஞ்சளாகிச் சுருண்டிருக்கிறதா, அத்தை? சுருண்ட செடியை மட்டும் எடுத்துவிடுங்கள். இலையை அப்படிச் சுருட்டுவது ஒரு நச்சுயிரி; அதை ஈயே அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

சரஸ்வதி: சுருளவில்லை. இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

செல்வம்: ஞாயிறு காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்போம். தெளிப்பான் என்னிடம் இருக்கிறது.

முனியாண்டி: இலைக்கு அடியில் அடி, தம்பி. குஞ்சுகள் அங்கேதான் ஒட்டியிருக்கின்றன.