எச்சில் துப்பியதற்கு க்ரூசியாட்டஸா?

மழைக்காகம்:
ஹாரி பாட்டர் ஏழாவது புத்தகத்தை மறுபடி வாசிக்கிறேன். ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் ரேவன்கிளா கோபுரத்தில், வோல்டமார்ட்டின் ஆளான அமைகஸ் காரோ, பேராசிரியர் மெக்கானகல் முகத்தில் துப்புகிறான். மாய அங்கிக்குள் ஒளிந்திருந்த ஹாரி வெளியே வந்து அவன்மேல் க்ரூசியாட்டஸ் என்ற சித்திரவதைச் சாபத்தை ஏவுகிறான். ஆள் அந்தரத்தில் துடித்துப் புத்தக அலமாரியில் மோதி விழுகிறான்.

மன்னிக்க முடியாத மூன்று சாபங்களில் ஒன்று அது. மனிதர்மேல் ஏவினாலே அஸ்கபானில் ஆயுள் சிறை. ஐந்தாவது புத்தகத்தில், தன் ஞானத்தந்தை சிரியஸைக் கொன்ற பெல்லாட்ரிக்ஸ்மேல் ஹாரி இதையே ஏவியபோது சரியாகப் பலிக்கவில்லை. நியாயமான கோபம் போதாது, வலியைக் கொடுக்க மனதார விரும்பி ரசிக்கவும் வேண்டும் என்று அவளே கிண்டலாகப் பாடம் எடுத்தாள். இப்போது பலிக்கிறது. பெல்லாட்ரிக்ஸ் சொன்னது புரிகிறது என்று ஹாரியே சொல்கிறான். அப்படியென்றால் ரசித்தானா? மெக்கானகல் இதைத் துணிச்சல் என்று மெச்சவும் செய்கிறார். இது எப்படிச் சரி?

கடைசிபெஞ்ச்:
போர் நடக்கிறது சார். வோல்டமார்ட்டுக்கு எதிரான முதல் போரிலேயே அமைச்சக அதிகாரி மூத்த க்ரவுச், தீய மந்திரவாதிகளைப் பிடிக்கும் ஆரர்களுக்கு இந்தச் சாபங்களை அனுமதித்தார். இப்போது அமைச்சகமே வோல்டமார்ட் கையில். எந்தச் சட்டத்தைக் காட்டி ஹாரியைப் பிடிப்பீர்கள்? க்ரிங்காட்ஸ் வங்கிக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தபோது, அடுத்தவரை ஆட்டிவைக்கும் இம்பீரியஸ் சாபத்தை ஹாரி ஏவாவிட்டால் முன் கூடத்திலேயே மாட்டியிருப்பார்கள்.

மழைக்காகம்:
க்ரிங்காட்ஸை விட்டுவிடுகிறேன், அங்கே வேறு வழியில்லை. ஆனால் க்ரவுச்சைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள். சிரியஸை விசாரணையே இல்லாமல் சிறைக்கு அனுப்பிய மனிதர். அதே காலத்தில், அதே அனுமதி இருந்தும், எதிரிகளை முடிந்தவரை உயிரோடு பிடித்து வந்தவர் மூடி என்ற ஆரர். கோபுரத்திலும் மயங்கி விழவைக்கும் ஒரு ஸ்டுபிஃபை மந்திரம் போதும். சற்று முன் அமைகஸின் சகோதரி அலெக்டோவை ஹாரியின் தோழி லூனா அப்படித்தான் வீழ்த்தினாள்.

தாழ்வாரம்:
பிள்ளைகள்மேல் அந்தச் சாபத்தை ஏவிப் பழகச் சொன்னவன் அமைகஸ். அதை மறுத்ததற்குத்தான் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவிலுக்குக் கன்னத்தில் வெட்டு. ஹாரி இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கோபுரத்துக்கு வருகிறான். கோபம் வராதா?

மழைக்காகம்:
வரட்டும். ஆனால் மறுத்தது யார் பாருங்கள். அதே சாபத்துக்குத் தன் பெற்றோரின் புத்தியையே பறிகொடுத்தவன். பழிவாங்க யாருக்காவது உரிமை உண்டென்றால் அவனுக்குத்தான். அப்புறம், வோல்டமார்ட்டை வீணாக அழைத்த பழியைப் பிள்ளைகள்மேல் போட்டுவிடலாம், ஒன்றிரண்டு போனால் என்ன என்று அமைகஸ் பேசும்போது ஹாரி அங்கிக்குள்ளேயே நிற்கிறான். எச்சில் விழுந்ததும்தான் வெளியே வருகிறான்.

மெக்கானகலும் சளைத்தவரில்லை. இம்பீரியஸ் ஏவி, அமைகஸையே நடந்து வந்து மந்திரக்கோல்களைக் கொடுக்க வைக்கிறார். பிறகு கயிறு வரவழைத்துக் கட்டுகிறார். எக்ஸ்பெலியார்மஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியுமே! முதலிலேயே கோலைப் பறித்துக் கட்டியிருக்கலாம்.

தாழ்வாரம்:
அந்த இடம் எனக்கும் இடிக்கிறது. ஆனால் எனக்குச் சாபத்தைவிட அதற்குப் பின்வரும் பக்கங்கள்தான் குறை. ஆறாவது புத்தகத்தில் சக மாணவன் டிராக்கோமேல் செக்டம்செம்ப்ரா, என்ன செய்யும் என்றே தெரியாமல் ஹாரி ஏவியது. தடைப் பட்டியலில்கூட இல்லாத மந்திரம். ஆனாலும் டிராக்கோவின் ரத்தத்தைப் பார்த்து ஹாரி அரண்டுபோகிறான், சனிக்கிழமைதோறும் தண்டனை, குவிடிச் விளையாட்டின் இறுதி ஆட்டமும் போகிறது. அமைகஸ் விழுந்த பிறகு அப்படி ஒரு பத்திகூட இல்லை.