ஆட்டிசம் பையனுக்கு ஸ்டெம் செல் ஊசி போடலாமாங்க? (சேலம்)

அம்மாபேட்டை அம்மா:
பையனுக்கு நாலு வயசு, ஆட்டிசம்னு சொல்லிட்டாங்க. தண்ணி வேணும்னா என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி ஃப்ரிட்ஜ் கதவு மேல வைப்பான், வாயத் தொறந்து கேக்க மாட்டான். இங்க ஒரு கேம்ப் போட்டிருந்தாங்க, வெளியூர் டாக்டரு இடுப்பெலும்புல மஜ்ஜை எடுத்து அதுல ஸ்டெம் செல் பிரிச்சு முதுகுத்தண்டுல ஊசியா ஏத்துனா பேச்சு வந்துரும்னு வீடியோ எல்லாம் காட்டுனாரு. லட்சக்கணக்குல ஆகுமாம். வீட்டுக்காரரு ஆத்தூர் பக்கம் இருக்கற காட்ட வித்துரலாம்ங்கறாரு. எனக்கு அந்தச் சின்ன முதுகுல ஊசின்னாலே வயித்தக் கலக்குது, ஆனா வேண்டாம்னு சொல்லி நாளைக்கு அவன் பேசலன்னா எல்லாரும் என்னையத்தான சொல்லுவாங்க. யாராச்சும் பண்ணிருக்கீங்களா?

ஓமலூர் அப்பா:
எங்க பொண்ணுக்கு பண்ணுனோம் சிஸ்டர். ஊசிக்கப்புறம் தலைவலி, வாந்தி, பாவம் சுருண்டு படுத்துட்டா. கொஞ்ச மாசத்துல ரெண்டு வார்த்த சேத்துப் பேசுனா, அது நெசம். ஆனா ஊசி போட்ட கையோட தினமும் ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி, வீட்ல மொபைலே கூடாதுன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க, நாங்களும் விடாம பண்ணுனோம். எதால பேச்சு வந்துச்சுன்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாதுங்க.

ஸ்பெஷல் டீச்சர், அஸ்தம்பட்டி:
அண்ணன் சொன்னதுதான் மெயின் பாயிண்ட்டே. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட 2017 வழிகாட்டுதல்படி ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஒத்துக்கிட்ட சிகிச்சையே கெடையாது, பதிவு பண்ணுன ஆராய்ச்சி ட்ரையல்ல மட்டுந்தான் குடுக்கலாம், ட்ரையல்னா குடும்பத்துக்கிட்ட காசு வாங்கக் கூடாது. 2022ல தேசிய மருத்துவ ஆணையமும் ஆட்டிசத்துக்கு இத பரிந்துரைக்கலன்னு சொல்லிருச்சு. அதனால அவங்ககிட்ட சிடிஆர்ஐ (ட்ரையல்கள பதிவு பண்ற அரசு பதிவேடு) பதிவு நம்பர் கேளுங்க அக்கா. காட்ட விக்காதீங்க, தெரபி வருசக்கணக்குல போகும், அதுக்குக் காசு வேணும். நம்ம மோகன் குமாரமங்கலம் ஜிஎச்ல டிஈஐசி (குழந்தைங்களுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) இருக்கு, தெரபிக்கு காசு கெடையாது. யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எடுத்து மத்திய அரசோட நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ்ல சேருங்க, வருசத்துக்கு 1 லட்சம் வரைக்கும் கவர் ஆகும், தெரபி செலவும் அதுல வரும்.
இன்னொண்ணு, உங்க கைய ஃப்ரிட்ஜ்ல வைக்கறான்ல, அதுவே கேக்கறதுதாங்க! அந்தக் கதவுல தண்ணி டம்ளர் போட்டோ ஒண்ணு ஒட்டுங்க, அதத் தொட்டதும் "தண்ணி"ன்னு சொல்லிக்கிட்டே உடனே குடுங்க, படத்தக் காட்டுனா பேச்சு வராதுன்னு யாராச்சும் சொன்னா காதுல போட்டுக்காதீங்க.

ஏற்காடு தாத்தா:
நாளைக்கு அந்த வைத்தியம் நல்லதுன்னு தெரிஞ்சா அப்ப பண்ணிக்கலாம்மா, இப்ப எதுக்கு அவசரம். எங்க பேரனுக்கு தெரபி மட்டுந்தான். ஏழு வயசுல "தாத்தா வா"ன்னான்.

அம்மாபேட்டை அம்மா:
எல்லாத்தையும் அவருக்குப் படிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் பேசாம கேட்டுக்கிட்டு இருந்தாரு. அப்புறம் அவரே அந்த கேம்ப்காரங்களுக்கு ஃபோன் போட்டு ட்ரையல் நம்பர் கேட்டாரு, மொதல்ல அட்வான்ஸ் கட்டுங்க, நேர்ல பேசிக்கலாம்ங்கறாங்க. திங்கக்கெழம ஜிஎச்சுக்குப் போறோம்ங்க. டிஈஐசி எந்தப் பக்கம், ஓபி சீட்டு தனியா போடணுமா டீச்சர்?