"அது உன் வேலைதானே?" சபை வேலையாட்களோடு உங்கள் அனுபவம்

நெல்லைச் சீமை:
கிறிஸ்துமஸ் அதிகாலை 4 மணி ஆராதனை. முதல் பாட்டு பாதியில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. டீசல் இல்லை. ஆராதனை முடிந்ததும் கமிட்டிக்காரர் ஒருவர் வெஸ்ட்ரியில் (ஐயர் அங்கி மாற்றும் அறை) வைத்துக் கோயில்குட்டியாரை, அதாவது மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்பவரை, பிடித்துக்கொண்டார். "மணி அடிச்சுட்டா உம்ம வேல முடிஞ்சுதா வே?" கோயில்குட்டியார் கையில் டார்ச் லைட், அணைக்க மறந்து. "டீசல் நான்தான் பாக்கணும்னு யாரும் சொல்லலியே ஐயா" என்றார். அந்த வெளிச்சம் தரையில் ஆடிக்கொண்டே இருந்தது. நான் அப்போது செயலர். ஜெனரேட்டர் வாங்கிய வருடம் "டீசல் பொறுப்பு: பொருளாளர்" என்று மினிட்ஸ் எழுதியதே நான்தான். வாயைத் திறக்கவில்லை.

கீபோர்டு தம்பி:
எனக்குப் பேசியது ஞாயிறு ஆராதனையும் சனிக்கிழமை பாடகர் பயிற்சியும். மாதம் 4,000. அப்புறம் லெந்து (தவக்கால) வெள்ளிக்கிழமைகள், கன்வென்ஷன், வி.பி.எஸ். (பிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளி), துக்க வீடு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒரு அடக்க ஆராதனைக்கு 14 கிலோமீட்டர் பைக்கில் கீபோர்டைக் கட்டிக்கொண்டு போனேன். பெட்ரோல் காசு கேட்டதற்கு, "ஆண்டவருக்குத்தானே வாசிக்கிறே தம்பி?" பக்கத்திலேயே பந்தல்காரர் ரூபாய் எண்ணிக்கொண்டிருந்தார்.

ஓய்வுபெற்ற சார்:
தம்பி சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஊழியத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது. சரி, அதை விடுங்கள். எங்கள் சபைக் கணக்கர், போதகரான ஐயர் சொன்னதைச் செய்து செயலரிடமும், செயலர் சொன்னதைச் செய்து ஐயரிடமும் திட்டு வாங்கினார். அதனால் சொல்கிறேன். வேலைக்குச் சேர்க்கும் அன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன வேலை, எந்த நாள், யாரிடம் கேட்க வேண்டும், லீவு எப்போது. ஞாயிறு முழுக்க உழைப்பவருக்கு வாரத்தில் வேறொரு நாள் முழுசாகக் கொடுங்கள். ஒரு பிரதி அவரிடமே இருக்கட்டும். ஐயர்மார் சில வருடத்துக்கு ஒரு முறை மாறுவார்கள்; வாய்ச்சொல்லும் அவர்களோடு லாரியேறிவிடும். போதகருக்கு உதவியாக ஊழியம் செய்யும் உபதேசியாருக்கு "சபையை வளர்த்துக் காட்டு" என்று இலக்கு வைக்காதீர்கள். வாரம் 10 வீடு சந்திக்கச் சொன்னால் அவரால் முடியும். ஆள் வருவதும் வராததும் அவர் கையிலா இருக்கிறது? யாத்திராகமம் 18-இல் எத்திரோ மோசேயிடம் ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று அதிபதிகளை வைக்கச் சொல்கிறார். பெரிய வழக்கு மட்டும் மோசேயிடம் வரும், சின்னதை அவர்களே தீர்ப்பார்கள். அப்போஸ்தலர் 6-இல் பந்தி விசாரிக்க ஏழு பேர். ஏழு பேரின் பெயரும் எழுதியிருக்கிறது, பாருங்கள்.

உபதேசியார் மகள்:
சார், கணக்குப் பார்க்கக் கூடாது என்று ஆரம்பித்து அரைப் பக்கம் கணக்குத்தானே எழுதியிருக்கிறீர்கள்! எங்கள் அப்பாவுக்குத் தாளெல்லாம் கிடையாது. ஐயர் வீட்டு கேஸ் சிலிண்டரை மாடிக்குத் தூக்கியதும் ஊழியத்தில்தான் சேர்ந்தது. நெல்லைச் சீமை அண்ணன், அந்தக் கோயில்குட்டியாரிடம் பிறகாவது சொன்னீர்களா?

நெல்லைச் சீமை:
இல்லைம்மா. அடுத்த மே மாதமே வேலையை விட்டுவிட்டார். இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பேக்கரியில் நிற்கிறார். போன வாரம் ரொட்டி வாங்கப் போனேன். "இந்த வருசமும் சர்வீஸ் நாலு மணிக்குத்தானா ஐயா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.